சேரன் என்றொரு பஸ்

எங்க அப்பாயி இன்னைக்கும் "சேரன் போயிருச்சா?"ன்னுதான் கேக்கும். அரசு பஸ் என்றோ, டி.என்.எஸ்.டி.சி. என்றோ அதன் வாயில் ஒருநாளும் வந்ததில்லை. கூடலூரில் படிக்கிற பிள்ளைகளோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தபோது இதைச் சொன்னேன். ஒரு பையன் கேட்டான்: "சேரன்னா யாருண்ணே, சினிமா டைரக்டரா?" எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். ஆனால் இரவு தூக்கம் வரவில்லை. இருபத்தைந்து வருசம் எங்கள் மலை முழுக்க ஓடிய ஒரு பெயர், அழிந்த காரணம்கூடத் தெரியாமல் அழிந்து போயிருக்கிறது. அந்தக் காரணம் சாதாரணமானதல்ல. ஒரு தலித்தின் பெயர் பஸ்ஸில் எழுதப்படக்கூடாது என்பதற்காகத் தமிழ்நாட்டில் உள்ள அத்தனை பஸ்களின் பெயரும் அழிக்கப்பட்டது. எங்கள் சேரனும் அதில்தான் போனான்.

பஸ்ஸைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று சில தோழர்கள் நினைக்கலாம். மேட்டுப்பாளையம் – குன்னூர் – ஊட்டி – கூடலூர் – பந்தலூர் – சேரம்பாடி என்று நீளும் இந்தத் தடத்தில் பிறந்து வளர்ந்தவன் நான். பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, கோர்ட்டு, ரேசன் கார்டு, கல்யாணம், சாவு எல்லாம் இந்தப் பஸ்ஸில்தான். எங்கள் சனங்களுக்கு நிலத்தில் வரலாறு கிடையாது, ஏனென்றால் நிலமே கிடையாது. ரோட்டில்தான் இருக்கிறது. அதனால் ரோட்டிலிருந்தே ஆரம்பிக்கிறேன்.

நீலகிரியின் வரலாறு என்று பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தது ஜான் சல்லிவன் கதை. கோயம்புத்தூர் கலெக்டர், 1819இல் மலையேறினார், ஊட்டியைக் "கண்டுபிடித்தார்". ஏற்கெனவே தோடரும் கோத்தரும் குறும்பரும் இருளரும் பணியரும் படகரும் வாழ்ந்துகொண்டிருந்த மலையை ஒருத்தர் எப்படிக் கண்டுபிடிக்க முடியும் என்று எந்த வாத்தியாரும் கேட்டதில்லை. அதுபோகட்டும். சல்லிவன் வந்த கையோடு சிறுமுகையிலிருந்து கோத்தகிரிக்கு ஒரு பாதை வெட்டப்பட்டது. 1823க்குள் அது முடிந்தது. பிறகு 1830களின் தொடக்கத்தில் கேப்டன் முர்ரே என்பவர் பயனியர் படையை வைத்து முதல் குன்னூர் மலைப்பாதையைப் போட்டார். இன்றைக்குப் பஸ் ஓடுகிற பாதை அதுவல்ல. சரிவு குறைவாக, மாட்டு வண்டிகளும் குதிரை வண்டிகளும் ஏறும்படி 1871 வாக்கில் போடப்பட்ட இரண்டாவது பாதைதான் இது. அதைப் போட்ட லா என்கிற வெள்ளைக்கார அதிகாரியின் பெயரை அருவிக்கு வைத்திருக்கிறார்கள். லாஸ் அருவி. டூரிஸ்ட் வண்டிகள் அங்கே நின்று போட்டோ எடுக்கும்.

பாறையை உடைத்தவன் பெயரில் எந்த அருவியும் இல்லை. மதராஸ் பயனியர் படை, அதற்குப் பின் வந்த சாப்பர்ஸ் படை என்று எடுத்துப் பார்த்தால் அதில் பறையர்கள் பெருந்திரளாக இருந்திருக்கிறார்கள். ஊரில் குடை பிடிக்கக்கூடாது, செருப்புப் போடக்கூடாது என்று இருந்தவனுக்கு, சட்டையும் சம்பளமும் கொடுத்த இடம் அந்தப் படை. அவன் கையால் வெட்டிய ரோட்டில்தான் கவர்னர் பல்லக்கு ஏறியது. ரோட்டு வேலை, தோட்ட வேலை, துரை பங்களாவில் பட்லர் வேலை, குதிரைக்காரன், சமையல்காரன் என்று சமவெளிச் சேரிகளிலிருந்து ஒரு கூட்டம் மலையேறிக்கொண்டே இருந்தது. பஞ்சம் விரட்டியது பாதி, ஆண்டை விரட்டியது பாதி.

இப்படி ஏறியவர்களின் குடும்பத்தில் வந்தவர்தான் அயோத்திதாசப் பண்டிதர் (1845–1914). நீலகிரியில் வளர்ந்தார். 1870களில் இங்கேதான் அத்வைதானந்த சபை தொடங்கினார். இரட்டைமலை சீனிவாசன் 1880களில் ஊட்டியில் ஒரு வெள்ளைக்காரக் கம்பெனியில் கணக்கெழுதினார். சீனிவாசனின் தங்கையைத்தான் பண்டிதர் மணந்தார். 1891 டிசம்பர் 1ஆம் தேதி திராவிட மகாஜன சபையின் மாநாட்டைப் பண்டிதர் ஊட்டியில் கூட்டினார். அந்த மாநாட்டுத் தீர்மானங்கள் காங்கிரசுக்கு அனுப்பப்பட்டன. அப்போது ஊட்டிக்கு ரயில் கிடையாது. குன்னூருக்கு ரயில் வந்தது 1899இல், ஊட்டிக்கு வந்தது 1908இல். மேட்டுப்பாளையத்திலிருந்து டோங்கா என்கிற குதிரை வண்டி, இல்லையென்றால் மாட்டு வண்டி, இல்லையென்றால் கால்நடை. மாநாட்டுக்கு வந்தவர்கள் எதில் ஏறி வந்திருப்பார்கள் என்று குன்னூர் வளைவுகளில் பஸ் திணறும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வேன். டோங்காவில் ஏற்றியிருப்பார்களா?

இது வெறும் கற்பனைக் கேள்வி இல்லை. 1929இல் சாலிஸ்கானில் அண்ணல் அம்பேத்கரை ஏற்றி ஓட்ட டோங்காக்காரன் மறுத்துவிட்டான். பாரிஸ்டர், சட்டசபை உறுப்பினர் என்பதெல்லாம் சக்கரத்துக்குத் தெரியவில்லை. அதனால் வண்டியை வாடகைக்கு எடுத்து, ஓட்டத் தெரியாத மகர் ஒருவரே ஓட்டிப் போக, வண்டி கவிழ்ந்து அண்ணலுக்குக் கால் எலும்பு முறிந்தது. தமிழ்நாட்டிலும் மோட்டார் பஸ் வந்த காலத்தில் தாழ்த்தப்பட்டவர்களை ஏற்ற மாட்டோம் என்று தனியார் முதலாளிகள் வெளிப்படையாகவே நடந்தார்கள். இரட்டைமலை சீனிவாசன் 1924இல் சென்னை சட்டசபையில் தீர்மானம் கொண்டுவந்துதான் பொது ரோடு, பொதுக் கிணறு, பொதுச் சாவடி எல்லாம் எல்லோருக்கும் திறந்தது என்று அரசாங்கத்தைச் சொல்ல வைத்தார். ரோட்டில் நடப்பதற்கே தீர்மானம் வேண்டியிருந்தது! ரோட்டில் ஓடுகிற பஸ்ஸுக்கு அதுவும் போதவில்லை. 1920களின் இறுதியில் ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இருந்த சுயமரியாதைக்காரர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியன், ஆதிதிராவிடரை ஏற்ற மறுக்கிற பஸ்ஸுக்கு லைசென்ஸ் ரத்து என்று உத்தரவு போட்டார். அதன் பிறகுதான் அந்த ஜில்லாவில் வழி பிறந்தது. ஊட்டியில் கணக்கெழுதி மலையிறங்கிய மனிதர் ரோட்டைத் திறந்து வைத்தார் என்பதை எங்கள் மலைப் பிள்ளைகள் ஒருத்தருக்கும் யாரும் சொல்லித் தரவில்லை.

இனி சேரன் கதை. 1971இல் தி.மு.க. அரசு சட்டம் கொண்டுவந்து, ஐம்பதும் அதற்கு மேலும் பஸ் வைத்திருந்த பெரிய முதலாளிகளின் வண்டிகளை எடுத்துக்கொண்டது. 1972இல் சென்னைக்குப் பல்லவன், மதுரைக்குப் பாண்டியன், கும்பகோணத்துக்குச் சோழன், கோயம்புத்தூருக்குச் சேரன் என்று போக்குவரத்துக் கழகங்கள் பிறந்தன. எல்லாம் ராசாக்கள் பெயர். ராசாக்கள் காலத்தில் எங்கள் பாட்டன் எங்கே இருந்தான் என்பது வேறு விசயம். ஆனாலும் ஒன்றைச் சொல்ல வேண்டும். தனியார் முதலாளியின் பஸ் என்றால் அவன் வீட்டுத் திண்ணை மாதிரி. அவன் விட்டால்தான் ஏறலாம். அரசாங்க பஸ் என்றால் டிக்கெட் வாங்கியவனுக்கு சீட்டு. டிரைவர், கண்டக்டர் வேலைக்கு இட ஒதுக்கீடும் வந்தது. காக்கிச் சட்டை போட்ட எங்கள் ஆள் விசில் அடித்தால் ஊர் பஸ் நின்றது. இந்த ஒரு மாற்றத்தின் அளவு சேரியில் இருந்து பார்த்தவனுக்குத்தான் தெரியும்.

சேரன் மலையேறிய அதே காலத்தில்தான் நாங்களும் ஏறினோம். நாங்கள் என்றால் சிலோன்காரர்கள். அரசாங்கக் காகிதத்தில் 'தாயகம் திரும்பியோர்'. 1948இல் இலங்கை அரசு சட்டம் போட்டுத் தோட்டத் தமிழனை நாடற்றவன் ஆக்கியது. 1964 அக்டோபரில் சிறிமாவோவும் சாஸ்திரியும் உட்கார்ந்து பங்கு பிரித்தார்கள். ஒன்பதே முக்கால் லட்சம் பேரில் ஐந்தேகால் லட்சம் உனக்கு, மூணு லட்சம் எனக்கு, மிச்சம் ஒன்றரை லட்சத்தைப் பிறகு பார்க்கலாம். 1974இல் அதையும் ஆளுக்குப் பாதியாக வெட்டிக்கொண்டார்கள். வந்து சேர்ந்த நாலு லட்சத்துக்கும் மேற்பட்டவர்களில் பெரும்பகுதி பள்ளர், பறையர், சக்கிலியர். கங்காணி கூட்டிப்போனதும் இவர்களைத்தான், கப்பலில் திருப்பி அனுப்பியதும் இவர்களைத்தான். இவர்களுக்கு வேலை கொடுக்க 1968இல் வனத்துறையின் கீழ் அரசுத் தேயிலைத் திட்டம் தொடங்கப்பட்டது. அதுவே 1976இல் குன்னூரைத் தலைமையிடமாகக் கொண்ட டான்டீ ஆனது. கூடலூர், பந்தலூர், சேரம்பாடி, கோத்தகிரி என்று காட்டை வெட்டித் தேயிலை நட்டது யார் கை என்று தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

அப்பாயி வந்தது 1974இல். இடுப்பில் எங்க அப்பா. தலைமன்னாரில் கப்பல், ராமேஸ்வரத்தில் இறக்கம், மண்டபம் கேம்பில் சில நாள், கையில் ஒரு குடும்ப அட்டை. ரயிலில் கோயம்புத்தூர். அங்கேயிருந்து சேரன். கோயம்புத்தூர் வெயிலில் "இதுதான் இந்தியாவா, இந்தக் காந்தலிலயா இருக்கப் போறோம்" என்று அழுதுகொண்டே பஸ் ஏறியிருக்கிறது. கல்லாறு தாண்டி, குன்னூர் வரைக்கும் உள்ள பதினாலு கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறஏற, கூட வந்த சமவெளி சனம் எல்லாம் வாந்தி. எங்க சனம் மட்டும் சன்னலைத் திறந்துவிட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. மலையும் பனியும் தேயிலையும் வந்ததும் அப்பாயிக்கு ஒரு சந்தேகம். "நானு நெனைச்சேன், பாவம்னு எரக்கப்பட்டு திரும்பக் கண்டிக்கே கொண்டாந்து விட்டுட்டாங்கன்னு." இதை அது சொல்லும்போது சிரிக்கும். நாங்களும் சிரிப்போம். பிறகு யாரும் கொஞ்ச நேரம் பேச மாட்டோம்.

மலைத் தடத்தில் பஸ் ஓட்டுவது தனி வித்தை. மலைக்கு வரும் வண்டிகள் நீளம் குறைவானவை. நீள வண்டி வளைவில் திரும்பாது. ஏறுகிற வண்டிக்குத்தான் முதல் உரிமை, இறங்குகிறவன் ஒதுங்கி நிற்க வேண்டும். எந்த கியரில் ஏறினாயோ அதே கியரில் இறங்கு என்பது பழைய டிரைவர்கள் பாடம். பிரேக்கை மட்டும் நம்பினால் கல்லாறு போவதற்குள் லைனிங் கருகும் வாசனை வந்துவிடும். ஏற்றத்தில் வண்டி நின்றுவிட்டால் கண்டக்டர் முதலில் செய்கிற காரியம் பின்சக்கரத்துக்குக் கட்டை வைப்பது. ஊட்டியிலிருந்து தலைக்குந்தா, பைக்காரா, நடுவட்டம் தாண்டி கூடலூர் இறங்கும்போது ஆடி மாசத்து மூடுபனியில் முன்னால் போகிற வண்டியின் சிவப்பு விளக்கைப் பிடித்துக்கொண்டே போவார்கள். யானை நின்றால் பஸ்ஸும் நிற்கும். யானைக்கு டைம்-கீப்பர் கிடையாது.

மழை வந்தால் கதை வேறு. 1993 நவம்பரில் குன்னூர் பாதையில் மரப்பாலத்தில் மலை சரிந்தபோது ரோட்டோரக் குடிசைகளோடு பஸ்களும் போயின. 2009 நவம்பரில் ஒரே ராத்திரியில் கேத்திப் பக்கம் கொட்டித் தீர்த்த மழையில் மாவட்டம் முழுக்க நாற்பதுக்கும் மேற்பட்டவர்கள் செத்தார்கள். மண் சரியும்போது முதலில் போவது சரிவில் தகரம் போட்டு வாழ்கிறவன் வீடு. இந்த மலையடிவாரத்தில்தான், மேட்டுப்பாளையம் நடூரில், 2019 டிசம்பர் 2ஆம் தேதி விடியலில் பக்கத்து வீட்டுக்காரர் எழுப்பியிருந்த சுவர் விழுந்து பதினேழு தலித்துகள் செத்தார்கள். மழை பெய்தது என்னவோ உண்மை. சுவரை மழை கட்டவில்லை.

எங்கள் லயத்துக்குப் பஸ் வராது. ரோடு முடிகிற இடத்தில் பஸ் திரும்பிவிடும். அங்கிருந்து தேயிலைக்குள் நடை. கூடலூர், பந்தலூர் பக்கம் இதற்கு ஒரு சட்டக் காரணமும் உண்டு. 1969ஆம் வருச ஜென்ம நில ஒழிப்புச் சட்டத்தின் 17ஆம் பிரிவில் சிக்கிக்கிடக்கிற நிலத்தில் ரோடு போடுவது, கரண்டு இழுப்பது எல்லாமே தகராறு. ஜென்மி ஒழிந்தான் என்று சட்டம் சொல்லி ஐம்பது வருசம் தாண்டியும் பட்டா வராத குடும்பங்கள் ஆயிரக்கணக்கில். பட்டா இல்லாத இடத்துக்கு ரோடு இல்லை, ரோடு இல்லாத இடத்துக்குப் பஸ் இல்லை. ஜீப் உண்டு. பன்னிரண்டு பேரை அடைத்துக்கொண்டு, பின்னால் நாலு பேர் தொங்க ஓடுகிற ஜீப்பை யாரும் எழுதவில்லை. நானும் இன்னொரு தரம் எழுதுகிறேன்.

ரோடு முடிகிற இடத்தில் ராத்திரி ஒரு பஸ் தங்கும். நைட் ஹால்ட். கடைசி ட்ரிப் வந்து நின்றால், விடிகாலை முதல் ட்ரிப் அதுதான். டிரைவரும் கண்டக்டரும் பஸ்ஸுக்குள்ளேயே படுப்பார்கள். நான் ஆறாவது படிக்கும்போது வந்த ஒரு டிரைவர், குளிர் தாங்காமல் லயத்துக்கு நடந்து வந்து வெந்நீர் கேட்டார். அப்பாயி எழுந்து நின்றுவிட்டது. "சாமி, நாங்க..." என்று இழுத்தது. "தெரியும்மா, வெந்நிதான கேட்டேன்" என்றார் அவர். அவருக்கு முன்னால் வந்தவர்கள் யாரும் கடையைத் தாண்டி இந்தப் பக்கம் வந்ததில்லை. செம்பில் வெந்நீரும், கூடவே சாயத் தண்ணியும் போனது. ஒரு மாசம் லயத்தில் இதே பேச்சு. அவர் என்ன சாதி என்று கண்டுபிடிக்க ஆளாளுக்கு ஒரு துப்பு. எங்க ஆளாத்தான் இருக்கணும் என்று ஒரு கட்சி. எங்க ஆளா இருந்தா பயந்து மறைச்சிருப்பான், வேற ஆளுதான் என்று ஒரு கட்சி. வருசக் கடைசியில் அவருக்கு வேறு தடம் மாறிவிட்டது. விடை தெரியாமலே போனது. தெரியாமல் போனதே நல்லது என்று எனக்கு இப்போது படுகிறது.

எல்லாரும் அவரைப்போல இல்லை. பந்தலூர் சந்தைக்குப் போன ஒரு நாள், அப்பாயி பக்கத்தில் காலியாக இருந்த சீட்டில் ஒரு அம்மா உட்கார வந்து, கையைப் பார்த்துவிட்டு நின்றுகொண்டே வந்தது. கொழுந்துக் கறை ஏறிய விரல், கழுவினாலும் போகாது. "சிலோன்காரி" என்று இன்னொருத்தியிடம் சொன்னது என் காதில் விழுந்தது. இந்த மலையில் அந்தச் சொல்லுக்கு அகராதியில் இல்லாத ஓர் அர்த்தம் உண்டு. சாதியைச் சொல்லாமல் சாதியைச் சொல்வதற்கு அது ஒரு வசதி.

இப்போது 1997க்கு வருகிறேன். போக்குவரத்துக் கழகங்கள் பிரியப்பிரியப் புதுப் பெயர்கள் சேர்ந்தன: கட்டபொம்மன், மருது பாண்டியர், ஜீவா, தீரன் சின்னமலை, நேசமணி, ராணி மங்கம்மாள். 1994இல் சென்னையில் பல்லவனைப் பிரித்து டாக்டர் அம்பேத்கர் பெயரிலும் ஒன்று வந்தது. 1997இல் விருதுநகரைத் தலைமையிடமாகக் கொண்ட புதுக் கழகத்துக்கு வீரன் சுந்தரலிங்கம் பெயர் வைக்கப்பட்டது. கட்டபொம்மனின் படையில் நின்று வெள்ளையனை எதிர்த்துச் செத்த பள்ளர் வீரன். கட்டபொம்மன் பெயரில் பஸ் ஓடியபோது எவனுக்கும் வலிக்கவில்லை. அவனுக்காகச் செத்தவன் பெயர் வந்ததும் வலித்தது. பள்ளன் பெயர் எழுதிய பஸ்ஸில் ஏற மாட்டோம் என்றார்கள் சாதி இந்துக்கள். கல் வீச்சு, தீ வைப்பு, சாவுகள், துப்பாக்கிச் சூடு. தென்மாவட்டம் பற்றி எரிந்தது.

1955 டிசம்பரில் அமெரிக்காவின் மான்ட்கோமரியில் ரோசா பார்க்ஸ் என்ற கறுப்பினப் பெண் வெள்ளையனுக்கு சீட்டை விட்டு எழ மறுத்தார். கறுப்பின மக்கள் 381 நாள் பஸ் ஏறாமல் நடந்தார்கள், சம உரிமை வேண்டும் என்று. நம்ம ஊரிலும் பஸ் ஏற மாட்டோம் என்று ஒரு போராட்டம் நடந்தது, சமமாக இருக்கக்கூடாது என்று. உலக வரலாற்றில் இதற்கு ஜோடி இருக்கிறதா என்று அறிஞர்கள் தேடிப் பார்க்கட்டும்.

தமிழ்நாட்டுச் சாதிக்கு பஸ் என்றால் ஏன் இத்தனை கோபம்? 1995 ஜூலையில் வீரசிகாமணியில் பஸ்ஸில் பள்ளி மாணவர்களுக்கும் டிரைவருக்கும் தொடங்கிய தகராறுதான் பரவிப்பரவி, ஆகஸ்ட் 31ஆம் தேதி கொடியன்குளத்தில் போலீஸ் புகுந்து சூறையாடியதில் போய் நின்றது. 1997 ஜூன் 30ஆம் தேதி மேலவளவு பஞ்சாயத்துத் தலைவர் முருகேசனையும் அவரோடு வந்தவர்களையும் வெட்டியது ஓடுகிற பஸ்ஸை மறித்துத்தான். தெருவைப் பிரிக்கலாம், கிணற்றைப் பிரிக்கலாம், சுடுகாட்டைப் பிரிக்கலாம். பஸ்ஸுக்குள் பிரிக்க முடியவில்லை. தோள் உரசுகிறது. அந்த ஆத்திரம்.

அரசாங்கம் என்ன செய்தது? பெயரை எதிர்த்தவனைக் கேட்க வேண்டிய இடத்தில், பெயரையே எடுத்தது. சுந்தரலிங்கம் பெயரை மட்டும் எடுத்தால் ஒரு தரப்புக்கு அடிபணிந்ததாகிவிடும் என்று, 1997 ஜூலையில் எல்லாக் கழகங்களின் பெயரையும் மாவட்டங்களுக்கு வைத்திருந்த தலைவர்களின் பெயர்களையும் சேர்த்தே நீக்கியது. இது சமத்துவம் என்று பாராட்டியவர்களும் உண்டு. பெரும்பாலான வண்டிகளுக்குத் தமிழ்நாடு அரசுப் போக்குவரத்துக் கழகம், அடைப்புக்குறியில் ஊர். அண்ணல் பெயரும் போனது. சேரனும் போனான். ஒரு பள்ளன் பெயரைச் சகிக்க முடியாமல் மூவேந்தரையும் சேர்த்து அழித்துக்கொண்டது இந்தத் தமிழ்ச் சமூகம். மலையில் எங்களுக்கு அது ஒரு பெயிண்ட் மாற்றமாகத்தான் தெரிந்தது. நான் அப்போது சின்னப் பையன். ஏன் என்று கேட்டதற்கு "கவர்மெண்டு மாத்திருச்சு" என்றார் அப்பா. அவருக்கும் அவ்வளவுதான் தெரியும்.

2021 மே மாதம் தமிழ்நாடு முழுக்கப் பெண்களுக்கு டவுன் பஸ்ஸில் டிக்கெட் இல்லை என்று அறிவிப்பு வந்தது. டி.வி.யில் பார்த்துவிட்டு லயத்துப் பெண்களுக்குச் சந்தோசம். மறுநாள் பஸ்ஸில் ஏறினால் டிக்கெட் உண்டு. நீலகிரியில் ஓடுவது டவுன் பஸ் கணக்கில் வராது, மலைத்தடம் என்றார்கள். சமவெளியைவிட மலைத்தடத்தில் கட்டணமும் கூடுதல். தோட்டத்தில் பேர் முடிந்து, ஓய்வுக்குப் பிறகு பக்கத்துச் சிறு தோட்டங்களுக்குக் கூலிக்கு பஸ் ஏறிப் போகிற பெண்களுக்கு அன்றாடக் கூலியில் ஒரு பங்கு டிக்கெட்டுக்கே போகும். சங்கங்கள் மனுக் கொடுத்தன; நானும் நாலு மனு எழுதிக் கொடுத்தேன். கிட்டத்தட்ட மூன்று வருசம் கழித்து, 2024 பிப்ரவரியில்தான் மலைப்பகுதிகளுக்கும் அது நீட்டிக்கப்பட்டது. இதற்கிடையில், 2022இல், டான்டீயின் இரண்டாயிரம் ஹெக்டேருக்கும் மேலான நிலத்தை வனத்துறைக்குத் திருப்பிக் கொடுக்க உத்தரவாகிவிட்டது. ஓய்வு பெற்றவர்கள் லயத்தைக் காலி பண்ணு என்கிற பேச்சு பெரிதாகிவிட்டது. பஸ் இலவசமான நேரத்தில், போய்த் திரும்பி வருவதற்கு வீடு இருக்குமா என்பது கேள்வியாகிவிட்டது.

அந்த வருசம் பங்குனியில் அப்பாயியைப் பந்தலூருக்குக் கண் காட்டக் கூட்டிப் போனேன். கண்டக்டர் பிள்ளை சின்ன வயசு. காசை நீட்டிய அப்பாயியிடம், "பாட்டிக்கு ஃப்ரீ" என்று சொல்லி பைசா இல்லாத டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்தது. அப்பாயி அதை வாங்கிக் கண்ணுக்குக் கிட்டே வைத்துப் பார்த்தது. திருப்பிப் பார்த்தது. பிறகு முந்தானையில் முடிந்துகொண்டு என்னிடம் மெதுவாகக் கேட்டது:

"தம்பி, என் பேரை எழுதிக்கிட்டாங்களா?"

"இல்ல அப்பாயி, பேரெல்லாம் எழுத மாட்டாங்க."

அதற்கு நம்பிக்கை வரவில்லை. சிலோன் தோட்டத்தில் அரிசி கொடுத்தார்கள், கம்பளி கொடுத்தார்கள், தீவாளிக்கு முன்பணம் கொடுத்தார்கள். எல்லாவற்றையும் மாசக் கடைசியில் சம்பளத்தில் பிடித்தார்கள். தேவாலா ஏற்றம் முடிகிற வரைக்கும் பேசாமல் வந்தது. பிறகு, "பென்சன்ல பிடிப்பாங்க, பாத்துக்க. அந்தப் பிள்ளைகிட்ட கேளு, எம்புட்டு பிடிப்பாங்கன்னு" என்றது.

நான் எழுந்து போய்க் கேட்டேன்.